காகிதத்தில் இறங்கிய பிறகுதான் பழுப்பு

உடுமலைப்பேட்டை கடைவீதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் பேனா மை கேட்டால் நீலம் வரும், கறுப்பு வரும். ஆசிரியர்களுக்காகச் சிவப்பும், அதிகாரிகளுக்காகப் பச்சையும் அலமாரியில் இருக்கும். பழுப்பு கேட்டால் கடைக்காரர் சற்று நிதானிப்பார். "காப்பிக் கலருங்களா? அது யாரும் கேக்கறதில்லீங்க. வேணும்னா சொல்லுங்க, கோயமுத்தூர் போறப்ப பாத்துட்டு வர்றனுங்க." அவர் சொல்வது நியாயம்தான். கேட்பவர் இருந்தால்தானே சரக்கு வரும்.

அதனால் பழுப்பு மையில் எழுத ஆசைப்படும் ஒருவர் கடைசியில் வந்து நிற்பது செல்போன் திரையின் முன்னால். அங்கே நூறு பழுப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர், அழகான படம். படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார். பாட்டில் வருகிறது. எழுதிப் பார்த்தால் ஒன்று செங்கல் நிறமாக இருக்கிறது, இல்லையென்றால் பாசி படிந்த காக்கியாக இருக்கிறது. மை மோசமில்லை, விற்றவர் ஏமாற்றவும் இல்லை. படத்தைப் பார்த்து வாங்கவே கூடாத நிறம் ஒன்று உண்டென்றால் அது பழுப்பு.

வானவில்லில் பழுப்பு கிடையாது. வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு, தன்னைவிடப் பிரகாசமான ஒன்றின் பக்கத்தில் இருக்கும்போது நம் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிறது. அதாவது இந்த நிறத்தின் பாதி மையில் இருக்கிறது, மீதிப் பாதி அதைச் சுற்றியிருக்கும் வெள்ளையில் இருக்கிறது. நீலம் கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலும் நீலமாகவே நிற்கும். பழுப்பு சிவப்புப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தால் செங்கல், பச்சைப் பக்கம் நகர்ந்தால் காக்கி, மஞ்சள் பக்கம் நகர்ந்தால் தேன். கேமராவும் திரையும் டியூப் லைட்டும் ஆளுக்கொரு பக்கம் அதை இழுக்கின்றன. ஆகவே நம் நோட்டு, நம் பேனா, நம் கையெழுத்து இந்த மூன்றையும் வைத்துத்தான் பழுப்பு மையைத் தேர்ந்தெடுக்க முடியும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உடுமலைக்காரர்களுக்குப் பழுப்பைப் பிரித்துப் பார்க்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தென்னையோடு வாழ்கிற ஊர். ஊறப்போட்ட மட்டையின் நிறம் வேறு, அடித்துக் காயவைத்த நாரின் நிறம் வேறு, முற்றிய தேங்காய் ஓட்டின் நிறம் வேறு. தெற்கே சின்னாறு தாண்டி மலையேறினால் மறையூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் வெல்லம் நம் சந்தை வெல்லத்தைவிடக் கறுத்த பழுப்பு. இத்தனையையும் பார்த்துப் பழகிய கண், 'பிரவுன் இங்க்' என்று ஒரே பெயர் ஒட்டிய பத்து பாட்டில்களை ஒன்றாக எண்ணி ஏமாற வேண்டியதில்லை.

கறுப்பாகப் பிறந்த பழுப்பு

வீட்டுப் பீரோவில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல பத்திரங்களில் எழுத்து பழுப்பாக இருக்கும். எழுதியவர் பழுப்பு மையில் எழுதியிருப்பார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. எழுதிய அன்று அது கறுப்பு, அல்லது நீலம் கலந்த கறுப்பு. காலம்தான் அதைப் பழுப்பாக்கியது.

அந்த மையின் சூத்திரம் நமக்குப் புதிதில்லை. கடுக்காயை இடித்து ஊறவைத்துக் காய்ச்சினால் டானின் நிறைந்த துவர்ப்புச் சாறு இறங்கும். அதில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியைக் கரைத்தால், கண் முன்னாலேயே சாறு இருண்டுகொண்டு வரும். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இரும்பும் டானினும் சேர்ந்து, காற்று பட்டதும் கறுப்பாக மாறுகின்றன. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் காய் போன்ற புடைப்பைப் போட்டார்கள். வேதியியல் ஒன்றேதான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வழியில்தான். துணியைக் கடுக்காயில் நனைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் வரைகிறார்கள்.

இந்த மை காகித நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் போகாது. அதனால்தான் பத்திரத்துக்கும் பதிவேட்டுக்கும் உலகம் முழுக்க இதையே நம்பினார்கள். ஆனால் அமிலம் உள்ள மை. பல பத்தாண்டுகள் போகும்போது டானின் பகுதி சிதைந்து, இரும்பு மட்டும் துருவாக மிஞ்சும். நாம் பத்திரத்தில் பார்க்கும் பழுப்பு அந்தத் துரு. அமிலம் அதிகமாகிப் போன இடத்தில் எழுத்து இருந்த வரி அரித்து ஓட்டையாகவே போயிருக்கும்.

இன்றைக்குப் பழுப்பு மையை விரும்புகிறவர்களில் பலர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய எழுத்தின் சாயலைத்தான் தேடுகிறார்கள். ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த 'கிளாசிக்' வரிசையில் 'செபியா பிளாக்' என்று ஒரு மை இருக்கிறது. இரும்பு சேர்ந்த மை. எழுதும்போது வெளிர் பழுப்பாக இறங்கி, சிறிது நேரத்தில் கருத்துக்கொண்டே போகும். நம் பத்திரத்தில் நடந்தது இங்கே தலைகீழாக நடக்கிறது. நீண்ட நாள் நிற்க வேண்டிய எழுத்து, அதுவும் பழுப்பில் வேண்டும் என்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஒரு நிபந்தனை உண்டு. இதைப் பேனாவில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. எழுதாத நாட்களில் கழுவி வைக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை எந்தக் காரணத்துக்காகவும் பவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். அது தொட்டு எழுதும் நிப்புக்கு உரியது. பேனாவுக்குள் போனால் வண்டல் கட்டி நாக்கை அடைத்துவிடும். ஓவியர்கள் வாங்கும் டிராயிங் மைக்கும் இதே எச்சரிக்கை. பாட்டிலில் 'செபியா' என்று போட்டிருந்தாலும் அதில் அரக்கோ அக்ரிலிக்கோ இருந்தால் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது, பேனா போனது போனதுதான்.

செபியா என்ற பெயர் கணவாய் மீனிடமிருந்து வந்தது. அதன் மைப்பையில் இருந்து எடுத்த பழுப்பைத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். இப்போது பாட்டிலில் வரும் செபியா எதிலும் கணவாய் இல்லை, சாயம்தான்.

தமிழ்நாட்டில் வாக்களித்த எல்லோரும் தம் உடம்பிலேயே சில நாள் ஏந்தியிருந்த ஒரு பழுப்பு மையும் உண்டு. 1962 பொதுத்தேர்தலில் இருந்து வாக்காளர் விரலில் வைக்கும் மை, 1937-இல் மைசூரில் தொடங்கப்பட்ட, இப்போது கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயின்ட்ஸ் ஆலையில் தயாராகிறது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறும்பழுப்பாகிறது. நகம் வளர்ந்து வெட்டும் வரை போகாது. எழுதும் மைகளுக்கு அந்த உறுதி கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். இன்று கிடைக்கும் பழுப்பு மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைத்த சாயங்கள். ஒரு சொட்டு மழை போதும்.

ஒரு சொட்டுக்குள் இருக்கும் நிறங்கள்

எந்தப் பழுப்பு மையை வாங்கினாலும் முதல் வேலையாக ஒன்று செய்து பாருங்கள். டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்துத் தட்டில் வையுங்கள். நடுவில் ஒரே ஒரு சொட்டு மை. அது ஊறி முடித்ததும் அதே இடத்தில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர், அவசரப்படாமல், ஒன்று ஊறிய பிறகு அடுத்தது. பழுப்பு பிரியத் தொடங்கும். நான் அண்மையில் பார்த்த ஒரு கறும்பழுப்பில், வெளிவட்டத்தில் வெளிறிய மஞ்சள் ஓடியது. அதற்கு உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு வளையம் நின்றது. நடுவில் நீலம் கலந்த சாம்பல் நகராமல் உட்கார்ந்திருந்தது. பாட்டிலில் ஒரே திரவமாகத் தெரிந்தது மூன்று சாயங்களின் கூட்டு.

இந்தச் சோதனை வேடிக்கைக்காக இல்லை. மூன்று சாயமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஜன்னலோரம் வைத்த கடிதத்தில் ஒரு பழுப்பு ஆறு மாதத்தில் ரோஜாவாக மாறுகிறது, இன்னொன்று பச்சை கலந்த சாம்பலாகிறது என்றால், எந்தச் சாயம் முதலில் விடைபெற்றது என்பதை டிஷ்யூ பேப்பர் முன்பே காட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் எந்த நிறம் ஓடும், எது தாளில் தங்கும் என்பதும் அதிலேயே தெரியும். நடுவில் நகராமல் நிற்கும் பகுதி எவ்வளவு அடர்த்தியோ, நனைந்த எழுத்து அவ்வளவு மிஞ்சும்.

கடையில் கிடைக்கும் சிவப்பையும் பச்சையையும் கொண்டு வீட்டிலேயே பழுப்பு செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். சிறு குப்பியில் சிவப்பை எடுத்து, அதில் பச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குச்சியால் தாளில் கோடு போட்டுப் பாருங்கள். செந்நிறம் மங்கி ஒரு இடத்தில் சட்டெனப் பழுப்பாகும். அங்கே நிறுத்த வேண்டும். அடுத்த இரண்டு சொட்டில் அது சேற்று நிறத்துக்குப் போய்விடும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் மையாக இருக்கட்டும். கலந்ததை ஒரு வாரம் மூடி வையுங்கள். அடியில் தூள் தங்கினால் கொட்டிவிடுங்கள், தங்காவிட்டால் விலை குறைந்த பேனாவில் போட்டுப் பாருங்கள். சரியான நிறம் கிடைத்தால் எத்தனைக்கு எத்தனை சொட்டு என்று எழுதி வைத்தால்தான் மறுமுறையும் அது கிடைக்கும்.

எந்த பாட்டில்?

பெயர் பெற்ற பழுப்பு மைகளை நான் நான்கு கூட்டமாகப் பார்க்கிறேன். மூன்றைப் பற்றி விரிவாகச் சொல்லலாம்.

முதலில் செம்பழுப்பு. 1864-இல் தொடங்கி இன்று லிவர்பூலில் இயங்கும் டயமைன் நிறுவனத்தின் 'ஏன்ஷியன்ட் காப்பர்' இந்தக் கூட்டத்தின் நட்சத்திரம். கோடு தொடங்கும் இடத்தில் செம்பாகவும் முடியும் இடத்தில் அடர்ந்த காவியாகவும் தெரியும். பார்த்தவுடன் மனம் பறிபோகும் நிறம். ஆனால் நிப்பின் மேல் காய்ந்து பக்கு கட்டுவதில் இது பெயரெடுத்தது. மூடியைத் திறந்து வைத்து யோசித்து யோசித்து எழுதுபவருக்குத் தொந்தரவு. பைலட்டின் 'இரோஷிசுக்கு' வரிசையில் வந்த 'சுகுஷி'யும் செம்பழுப்புதான். கொஞ்சம் அடக்கமானது, பேனாவில் நன்றாக ஓடும். வாட்டர்மேன் பழுப்பையும் இங்கேயே சேர்க்கலாம். முன்பு 'ஹவானா பிரவுன்' என்று விற்றது, இப்போது 'அப்சல்யூட் பிரவுன்' என்ற பெயரில் வருகிறது. எந்தப் பேனாவிலும் அடம்பிடிக்காத மை. முதல் முறையாகப் பழுப்பு வாங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கறும்பழுப்பு. பைலட்டின் 'யாமா-குரி', அதாவது மலைக் கஷ்கொட்டை. செய்லரின் 'தோயோ' இன்னும் கறுப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்பு மை என்றே நினைப்பார்கள், கையில் எடுத்துப் பார்த்தால்தான் பழுப்பு தெரியும். டயமைனின் 'சாக்லெட் பிரவுன்' விலையில் இவற்றுக்குக் கீழே. நாட்குறிப்பு, கணக்கு, நீண்ட கட்டுரை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு இந்தக் கூட்டம்தான் ஏற்றது. கண் களைப்பதில்லை. கறுப்பின் முறைப்பும் இல்லை.

மூன்றாவது மஞ்சள் பழுப்பு. பாரிஸின் எர்பென், 1670-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் பழைய நிறுவனம். அவர்களின் 'லீ த தே' தேநீர் வண்டலின் பெயரைக் கொண்டது. மஞ்சளும் லேசான பச்சையும் கலந்த பழுப்பு. போலந்தில் தயாராகும் கே.டபிள்யூ.இஸட் 'ஹனி' இன்னும் தங்கப் பக்கம். பட்டை நிப்பில் இவை பேரழகு. மெல்லிய நிப்பில் எழுதினால் மாலை வெளிச்சத்தில் படிக்க முடியாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு மையைக் குறை சொல்பவர்களே அதிகம்.

நான்காவதான சாம்பல் பழுப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. எர்பெனின் 'ககாவ் து பிரேசில்' போன்றவை தம்மளவில் நேர்த்தியானவை. நம் ஊர் நோட்டுத் தாளில் அவை பழசான கறுப்பு மை போலத் தெரிகின்றன.

எர்பென் 10 மில்லி குப்பியிலும், டயமைன் 30 மில்லியிலும் கிடைப்பது ஒரு வசதி. பைலட்டின் 50 மில்லியை வாங்குவதற்கு முன் இவற்றில் கைவைத்துப் பார்ப்பது நல்லது.

உள்நாட்டு மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிறிய அளவில் தயாராகும் கிருஷ்ணா மைகள், ஒரே கோட்டுக்குள் இரண்டு மூன்று சாயல் காட்டுவதில் வெளிநாட்டு மைகளுக்குச் சளைத்தவை இல்லை. கல்கத்தாவின் சுலேகா 1934-இல் சுதேசி மையாகப் பிறந்தது, காந்தி அந்நிய மையைத் தொடக் கூடாது என்றிருந்த காலம். பல ஆண்டுகள் மூடிக் கிடந்து மீண்டு, 2020-க்குப் பிறகு பவுண்டன் பேனா மைகளோடு சந்தைக்குத் திரும்பியிருக்கிறது. இந்த முயற்சிகள் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நூறு பேர் கேட்டால் உடுமலைக் கடை அலமாரிக்கும் இவை வந்து சேரும்.

புள்ளியும் சுழியும்

மை ஒப்பீடுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் எழுதிக் காட்டப்படுகின்றன. தமிழ் எழுதுகிறவருக்கு அது பாதித் தகவல். ஆங்கிலக் கூட்டெழுத்தில் நிப்பு தாளைவிட்டு எழாமல் ஓடுகிறது. நாம் மெய்யெழுத்துக்கு மெய்யெழுத்து நிறுத்திப் புள்ளி வைக்கிறோம். புள்ளி வைக்கும் கணத்தில் நிப்பு ஒரே இடத்தில் நின்று மையை விடுகிறது. செம்பழுப்பிலும் மஞ்சள் பழுப்பிலும் 'பக்கத்தில்' என்று எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் சொல்லின் மற்ற எல்லாக் கோடுகளையும்விட அடர்ந்து நிற்கும். கறும்பழுப்பில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. சிலருக்கு அந்தப் புள்ளிகள் பக்கத்துக்கே ஒரு தாளம் கொடுப்பதாகத் தோன்றும், சிலருக்கு அம்மை போட்ட மாதிரி உறுத்தும். எழுதிப் பார்க்காமல் நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

சுழிகள் இன்னொரு பிரச்சினை. ணு, ஞ, மூ, லூ எல்லாவற்றிலும் சிறிய வளையம் உண்டு. மை அதிகம் விடும் பேனாவாக இருந்தால் வளையத்துக்குள் ஈரம் நிரம்பிக் கண் அடைந்துவிடும். பொடி எழுத்துக்காரர்கள் மெல்லிய நிப்பையும் கறும்பழுப்பையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. ஜப்பானிய 'ஃபைன்' நிப்பு ஐரோப்பிய 'ஃபைன்' நிப்பைவிட மெல்லியது என்பதையும் கணக்கில் எடுங்கள். 'ழ'வின் கால் இறங்கி முடியும் இடம், 'ர'வின் அடி இவற்றில்தான் மை தேங்கிச் சாயல் மாறுவது தெரியும். ஆகவே சோதனை வரி எழுதும்போது மெய்யெழுத்து, சுழி, நீண்ட கால் மூன்றும் இருக்கும்படி ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டு எல்லா மைக்கும் அதையே எழுதுங்கள்.

தாள்

மை ஒப்பீட்டில் பாதி இடம் தாளுக்குக் கொடுக்க வேண்டும். கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. காவிரிக்கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையான பள்ளிபாளையத்தில் 1960-இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழக அரசு 1979-இல் தொடங்கிய டி.என்.பி.எல். கரும்புச் சக்கையையே முதன்மை மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்யும் ஆலை அது. நம் பிள்ளைகளின் நோட்டிலும் ஜெராக்ஸ் கடைக் கட்டிலும் இவற்றின் தாள்தான் பெரும்பாலும் இருக்கிறது.

ஜி.எஸ்.எம். எண்ணை மட்டும் பார்த்து நோட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எண் எடையைச் சொல்கிறது, அவ்வளவுதான். மை பரவுமா என்பதை முடிவு செய்வது தாளின் மேல் ஏற்றியிருக்கும் பசைப்பூச்சு. அது குறைவாக இருந்தால் கனமான தாளிலும் எழுத்தின் ஓரம் சிலும்பும், மறுபக்கம் அடிக்கும். அது சரியாக இருந்தால் மெல்லிய தாளிலும் மை மேலேயே நின்று காயும். மேலே நிற்கும்போதுதான் பழுப்பின் சாயல் வேறுபாடு தெரியும். உறிஞ்சிவிடும் தாளில் ஏன்ஷியன்ட் காப்பரும் சாதாரணக் காவியும் ஒன்றாகவே தெரிகின்றன. அத்தகைய நோட்டில் எழுதுகிறவர் விலை உயர்ந்த செம்பழுப்பு வாங்குவது வீண் செலவு. முதலில் நோட்டை மாற்றுங்கள், அல்லது கறும்பழுப்பு வாங்குங்கள்.

தாளின் நிறமும் முக்கியம். பளிச்சென்ற வெள்ளைத் தாளில் பழுப்பு கூர்மையாக நிற்கும். இளமஞ்சள் தாளில் இதமாக இருக்கும், ஆனால் மஞ்சள் பழுப்பு தாளோடு கரைந்துபோகும். ஐம்பது பைசா அஞ்சலட்டையில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டை மையைக் குடிக்கும், நிறமும் மங்கல். அதற்குக் கறும்பழுப்பும் மெல்லிய நிப்பும்தான். இன்லாண்ட் கடிதத்தின் நீலத் தாளில் செம்பழுப்பு எதிர்பாராத அழகு, எழுதிப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

பேனாவும் ஆடிக் காற்றும்

சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரில் கையால் கடையும் ரங்கா, ராஜமுந்திரியின் ரத்னம் என நம் பக்கத்துப் பேனாக்களில் எபோனைட் என்ற கடின ரப்பருக்குத் தனி இடம் உண்டு. ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றும் இந்தப் பேனாக்கள் தாராளமாக மை விடுபவை. ஏற்கெனவே நன்றாக ஓடும் இரோஷிசுக்கு மையை இவற்றில் ஊற்றினால் சாயல் எல்லாம் மூழ்கிக் கறும்பழுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும். பெலிகன் 4001 வரிசையின் 'பிரில்லியன்ட் பிரவுன்' கொஞ்சம் வறண்ட மை, எபோனைட் பேனாவுக்கு அது பொருத்தம். கஞ்சமாக மை விடும் பேனாவுக்கு நன்றாக ஓடும் மையைக் கொடுங்கள். ஒரே மை இரண்டு பேனாவில் இரண்டு நிறமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உடுமலைக்கு இன்னொரு விசேஷம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து குடிமங்கலம், பூளவாடி பக்கக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆடி மாதத்தில் ஜன்னல் வழியாக உங்கள் மேசைக்கும் வரும். மூடி திறந்த பேனா அந்தக் காற்றில் பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சாயம் அடர்த்தியாக உள்ள பழுப்புகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. பக்கு கட்டிய நிப்பைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் இளகிவிடும். எபோனைட் பேனாவை வெந்நீரில் போடாதீர்கள். கறுப்பு எபோனைட் நிறம் இழந்து பச்சை கலந்த பழுப்பேறும், பழைய பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

பழுப்பை எங்கே எடுக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் நீலம் அல்லது கறுப்புதான், வட்டம் நிரப்பும் டி.என்.பி.எஸ்.சி. தாளில் கறுப்பு பால்பாயின்ட்தான். காசோலைக்கு இந்த நிறம் என்று ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை, படமெடுக்கும்போது தெளிவாக விழ வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. என்றாலும் தண்ணீரில் கரையும் சாயத்தால் காசோலை எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒப்பிட நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டில் வாங்குங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் 5 மில்லி எடுத்துச் சிறு குப்பிகளில் மாற்றிக்கொள்ளுங்கள். எபோனைட் பேனா ஒன்றில் 3 மில்லி பிடிக்கும் என்று வைத்தால், 50 மில்லி பாட்டில் பதினாறு முறை நிரப்பலாம். ஒருவர் தனியாக ஒரே பழுப்பில் எழுதித் தீர்க்க வருடம் ஆகும். ஒவ்வொரு மைக்கும் நீங்கள் வழக்கமாக எழுதும் நோட்டில் இருந்தே ஒரு தாள். அதே வாக்கியம், அதே பேனா. ஒவ்வொரு மைக்கு முன்னும் தண்ணீர் தெளிவாக வரும்வரை பேனாவைக் கழுவிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள், பிறகு இரவு விளக்கின் கீழ் அதே தாளைப் பாருங்கள். எழுதிய வரியின் கடைசிச் சொல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். தாளில் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சித்திரை முழுக்க ஒட்டி வையுங்கள். மாதம் முடிந்து அட்டையை எடுக்கும்போது இரண்டு பாதிக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால், அந்த மையில் கடிதம் எழுதலாம், நாட்குறிப்பு எழுத வேண்டாம். தாளின் மூலையில் மையின் பெயர், பேனா, நிப்பு, தேதி நான்கையும் பென்சிலால் குறியுங்கள்.